பதினைந்து மீட்டர் கேபிள்

"எத்தினி மீட்டர் சார்?" என்று நூருல்லா கேட்பது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வேதாசலம் "பதினைஞ்சு" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "இருங்க, கொஞ்சம் இருங்க" என்றும் சொல்லியிருந்தார். ரிச்சி தெருவில் நூருல்லாவின் மாடி எலக்ட்ரானிக்ஸ் கடை. ஒருவர் படியிறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மத்தியானம் இரண்டரை மணி, கீழே தெரு கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி மேசையின் மேல் மூன்று சுருள் கேபிள். ஒன்று விரல் தடிமனில் கறுப்பு. ஒன்று மெல்லிசு, பேனா ரீஃபில் அளவு. மூன்றாவது வெள்ளை, எல்லா வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் தொங்குகிற சாதாரண டிவி டிஷ் கேபிள். அதை அவர் கேட்கவே இல்லை, நூருல்லாவாகத்தான் எடுத்துப் போட்டார். வேதாசலம் அந்த வெள்ளைச் சுருளைத் தவிர மற்ற இரண்டையும் தொட்டுப் பார்த்தார், முனையைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். மின்வாரியத்தின் மீட்டர் சோதனைக் கூடத்தில் முப்பத்துநான்கு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர், எதையும் சும்மா வாங்கிப் பழக்கமில்லை. பதினைந்து மீட்டர் என்பதும் குத்துமதிப்பு இல்லை. நேற்றுக் காலையில் மேடவாக்கத்தில், சிநேகிதன் அருளப்பனின் மகள் பெனிட்டாவின் வீட்டு மொட்டைமாடியின் எதிர்மூலையிலிருந்து இரண்டாம் மாடிப் படுக்கையறை ஜன்னல் வரைக்கும் டேப்பை இறக்கி அளந்தது. பதினாலு மீட்டர் இருபது சென்டி. வளைவுக்கும் கட்டுக்கும் சேர்த்துப் பதினைந்து. அளந்தபோது ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அருளப்பன் படுத்திருந்தான். டேப்பின் நுனி ஜன்னல் கம்பியில் வந்து இடித்ததும் தலையைத் திருப்பிப் பார்த்தான். மேலேயிருந்து எட்டிப் பார்த்த வேதாசலத்துக்கு அவன் நெற்றியும் இடது கையும் மட்டும் தெரிந்தன. உடனே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அறுபத்துமூன்று வயசு ஆள், பக்கத்து வீட்டு மாங்காய் பறித்தவன் மாதிரி சுவரோரம் குந்திக்கொண்டார்.

கறுப்பையே வாங்கிவிடலாமா? வாங்கலாம்தான். ஆனால் அது வளையாது. ஜன்னல் இடுக்கில் நுழைக்க ஓட்டை போட வேண்டும், அது வாடகை வீடு, பெனிட்டா சங்கடப்படுவாள். மெல்லிசு எங்கே வேண்டுமானாலும் நுழையும், ஆனால் சிக்னலை வழியிலேயே தின்றுவிடும். மேலே ஆன்டெனாவில் ஏழு பங்கு விழுந்தால் பதினைந்து மீட்டர் தாண்டி ஒரு பங்குதான் வந்து சேரும். விமானம் ஒன்றும் நமக்காகக் கத்துவதில்லை. அது பாட்டுக்கு முப்பத்தைந்தாயிரம் அடியில் போகிறது, போகிற போக்கில் தன் அடையாளத்தையும் உயரத்தையும் வேகத்தையும் இடத்தையும் நொடிக்கு இரண்டு தடவை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. காது இருக்கிறவன் கேட்டுக்கொள்ளலாம். காது என்றால் ஒரு சாண் கம்பி, ஒரு கேபிள், ஒரு சின்ன ரிசீவர் பெட்டி. வரைபடத்தில் சின்னச் சின்ன விமானமாக நகரும். ஓய்வு பெற்ற பிறகு வேதாசலத்துக்கு வாய்த்த பைத்தியம் அது. "ஊரான் ப்ளேன் எங்க போனா உங்களுக்கென்ன?" என்று அவர் மனைவி கேட்டு அலுத்துவிட்டாள். அதே பைத்தியம் பிடித்தவர்கள் அவரையும் சேர்த்துப் பத்தொன்பது பேர் சென்னையில் இருந்தார்கள், ஒரு வாட்ஸப் குழுவும் இருந்தது, ஓடுபாதை நண்பர்கள் என்று பெயர். அதில்தான் அருளப்பன் கிடைத்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன், பொழிச்சலூரில் தனியாக ஒரு வீடு. வேதாசலம் இருந்தது பம்மலில். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். ஐம்பத்தெட்டு வயசுக்குமேல் ஒரு மனிதனுக்குப் புதிதாக ஒரு சிநேகிதன் கிடைப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் வேதாசலம் நம்பியிருக்க மாட்டார். கிடைத்தான். வா போ என்று பேசினான். யோவ் வேதா என்று கூப்பிட்டான். மின்வாரியத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"டவர் எதிர்க்கவா சார் இருக்குது?" என்றார் நூருல்லா, சின்னப் பெட்டியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டே.

"எதிர் வீட்டு மாடி மேலேயே. செல்போன் டவர்."

"அப்ப ஃபில்டர் இல்லாம வேலைக்கே ஆவாது. அது கத்துற கத்துல ப்ளேன் சத்தம் எங்க சார் கேக்கும்? இத பாருங்க, இது வெறும் ஃபில்டர். இது ஆம்ப்ளிஃபையரோட சேர்ந்தது. இன்னா வேணும் சொல்லுங்க, நான் டீ சொல்றேன்."

இரண்டும் தீப்பெட்டியில் பாதி அளவு. வேதாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு, மிச்சத்தை வாசலிலேயே நிறுத்துவது ஃபில்டரின் வேலை. உள்ளே வந்ததைப் பெரிசாக்குவது ஆம்ப்ளிஃபையர். எது முதலில், எது பின்னால் என்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். டவர் பக்கத்தில் இருக்கும்போது பெரிசாக்குகிறதை முதலில் வைத்தால் டவரின் கூச்சலும் சேர்ந்து பெரிசாகும், ரிசீவர் திணறிப்போய்ச் செவிடாகிவிடும். குழுவில் இதை அவர் பத்துத் தடவையாவது எழுதியிருப்பார், படம் வரைந்து, அம்புக்குறி போட்டு. எல்லாருக்கும் வாத்தியார். அன்றைக்கு அந்த வாத்தியார் காதில் என்ன கேட்டது? தன் பெயர் முதலிடத்துக்கு வந்த சத்தம் ஒன்றுதான் கேட்டது. அது மட்டும் நன்றாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், முதலில் ஃபில்டர். ஆம்ப்ளிஃபையர் சேர்ந்ததற்குக் கேபிள் வழியாகவே கரண்ட் ஏற்ற வேண்டும், அருளப்பனுடைய பழைய பெட்டி அதைக் கொடுக்குமா? கொடுக்காது என்று ஞாபகம். அவனைக் கேட்டால் தெரியும். அவனைக் கேட்க முடியாது. கேட்கலாம், தலையை ஆட்டுவான், இல்லையென்றால் இடது கையால் எழுதிக் காட்டுவான். இரண்டு வாரமாக எழுதுகிறானாம், ஒவ்வொரு எழுத்தும் இட்லி அளவுக்கு என்று பெனிட்டா சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், கண்தான் சிரிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இந்த வெள்ளைக் கேபிள். அருளப்பன் தன் வீட்டில் டிவி டிஷ் கேபிளைத்தான் போட்டிருந்தான். மீந்துபோன கேபிள், ஆணியில் சுற்றித் தொங்கவிட்டது. அதை வைத்துக்கொண்டு, முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடாவுக்கு மேலே போன விமானத்தைப் பிடித்தேன் என்று குழுவில் போட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். வேதாசலம் வீட்டில் விரல் தடிமன் கறுப்பு, தங்க முலாம் பூசிய கனெக்டர், எல்லாம் அளந்து செய்தது. ஆனாலும் பட்டியலில் இரண்டாவது இடம். இணையதளத்தில் சென்னைப் பக்கத்துப் பெட்டிகள் வரிசையாக இருக்கும், யார் எத்தனை விமானம் பிடித்தார், எவ்வளவு தூரத்தில் பிடித்தார் என்று. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு புள்ளி, ஓடுகிற பெட்டிக்குப் பச்சை, நின்ற பெட்டிக்குச் சிவப்பு. ஏழு மாதமாக அருளப்பன் ஒன்று, வேதாசலம் இரண்டு. கேலிக்குத்தான் எழுதினார். நிஜமாகக் கேலிக்குத்தானா? "சீரியல் பார்க்கிற வயரில் விமானம் பிடிப்பவர்கள் சொல்கிற தூரத்தையெல்லாம் நம்ப வேண்டுமா?" என்று எழுதி, கீழே ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டார். பதினேழு பேர் முன்னால் ஒருவனைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு ஒரு பொம்மை போட்டால் அது கேலியாகிவிடுமா? அருளப்பன் பதில் எழுதவில்லை. மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவன் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். இவர் கூப்பிடட்டும் என்று அவன் இருந்திருப்பான். பதினொரு நாள். பத்து நிமிஷ ஸ்கூட்டர் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு கிழவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பதினொரு நாள்.

டீ வந்தது. காகிதக் கோப்பை சுட்டது, மேசையில் வைத்தார். மெல்லிசுக் கேபிளைத் தள்ளி வைத்தார், அது கழிந்தது. கனெக்டரை எடுத்துப் பார்த்தார். இந்தச் சின்னக் கனெக்டரில் ஒரு பொல்லாப்பு உண்டு. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மரையும் சரியாகப் பொருந்தும், இறுக்கமாகத் திருகிவிடலாம். ஆனால் ஒரு ரகத்தில் நடுவில் ஊசி இருக்காது. இரண்டு பக்கமும் துளையாக இருந்தால் உள்ளே ஒன்றையொன்று தொடாது. திருகிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பான், ஒன்றும் வராது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசி. ஊசி. துளை, இது வேண்டாம். பத்து நாற்பதுக்கு அவர் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்திருந்தார். ஒன்றாம் இடத்துக்கு முன்னால் இருந்த பச்சைப் புள்ளி சிவப்பாயிற்று. அவர் கண் முன்னாலேயே ஆயிற்று. கவனிக்காமல் விட்டிருந்தால் அது வேறு. தூங்கிப் போயிருந்தால், கடைக்குப் போயிருந்தால், எவ்வளவோ வேறு. பார்த்தார். பார்த்ததும் முதலில் வந்தது சிரிப்பு. கோபித்துக்கொண்டு பெட்டியை அணைத்துவிட்டான், சரிதான் போ. இரண்டு மணி நேரத்தில் எண்ணிக்கை மாறும், சாயங்காலத்துக்குள் தன் பெயர் மேலே வரும் என்று மனசு கடகடவென்று கணக்குப் போட்டது. வந்தது. நாலு மணிக்கெல்லாம் வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணன் பேரு ஏன் செவப்பா இருக்கு?" என்று கேட்டாள் அவள்.

"நிறுத்திட்டான். ரோஷம்."

"ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்களேன்."

"அவனுக்கு வேணும்னா அவனே போடுவான்."

அவள் அந்தச் சிவப்பைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அந்த ஒரு நிமிஷத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது? குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் வீடு கிட்டத்தில் இருக்கிறவர் ஃபோன் செய்ய வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்த வழக்கம். கரண்ட் போயிருக்கும், எலி கடித்திருக்கும், வீட்டுக்காரம்மா துடைக்கும்போது பிடுங்கியிருப்பாள். "என்ன சார், ஆள் இருக்கீங்களா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் ஊர்க்கதை ஓடும். அருளப்பனுக்குக் கிட்டத்தில் வேதாசலம், வேதாசலத்துக்குக் கிட்டத்தில் அருளப்பன். அதனால்தான் மற்றப் பதினேழு பேரும் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். வேதாசலம் பார்த்துக்கொள்வார். போன ஐப்பசி மழையில் இவர் பெட்டி நின்றபோது அருளப்பன் ஃபோனில் கூடக் கேட்கவில்லை, நேராக மழைக்கோட்டோடு வந்து நின்றான், முழங்கால் வரைக்கும் சேறு. "லைன் கெடைக்கல, அதான் வந்துட்டேன்" என்றான். துண்டு கொடுத்தாள் மனைவி. தலையைத் துவட்டிக்கொண்டே ஃப்யூஸைப் பார்த்தான்.

செவ்வாய் போயிற்று. புதன்கிழமை சாயங்காலம், அப்பா ஃபோன் எடுக்கவில்லையே என்று பெனிட்டா மேடவாக்கத்திலிருந்து வந்து கதவைத் திறந்தபோது அருளப்பன் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடந்தான். முப்பத்தொரு மணி நேரம். இந்தக் கணக்கு, வேதாசலம் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போட்டுப் பார்த்தது. பத்து நாற்பதிலிருந்து மாலை ஐந்து நாற்பது. வலது பக்கம் வரவில்லை, வாய் கோணிவிட்டது, பேச்சுக் குழறிவிட்டது. நாலு நாலரை மணி நேரத்துக்குள்ளே கொண்டுவந்திருந்தால் ரத்தக் கட்டைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்களுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். பத்து நாற்பதோடு நாலரையைக் கூட்டினால் மூன்று பத்து. மூன்று பத்துக்கு வேதாசலம் என்ன செய்துகொண்டிருந்தார்? இன்னும் ஆறு விமானம் பிடித்தால் ஒன்றாம் இடம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெனிட்டா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். "யாருக்குமே தெரியாம போச்சே அங்கிள், ஒருத்தருக்குக் கூடத் தெரியாம போச்சே" என்றாள். இவர் "ஆமாம்மா" என்றார். தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னார். நாற்பது நாளாயிற்று, அந்தச் சொல் இன்னும் வாயில் கசக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அழுகிற பெண்ணிடமா? மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் ஐசியூ. பிறகு வார்டு, பிறகு வீடு, பிறகு பிசியோதெரப்பி ஆள் வருகிற நேரம். சொல்லாமல் விட ஒவ்வொரு நாளும் ஒரு நல்ல காரணம் கொடுத்தது. அருளப்பனுக்குத் தெரியுமா? போகும்போதெல்லாம் அவன் பார்க்கிறான், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறான். களைப்பில் மூடுகிறானா, இந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் மூடுகிறானா? தெரிந்தால் என்ன நினைப்பான்? சண்டையில் பேசாமல் இருந்தான் என்று நினைப்பானா, சாகட்டும் என்று விட்டுவிட்டான் என்று நினைப்பானா? சாகட்டும் என்று நினைக்கவில்லை அருளு, சத்தியமாக நினைக்கவில்லை. உன்னைப் பற்றியே நினைக்கவில்லை. அதுதான் அதைவிடக் கேவலம்.

"சார், டீ ஆறிடுச்சு" என்றார் நூருல்லா. "பதினைஞ்சு மீட்டருக்கு நான் ஒண்ணு சொல்லட்டா? கோச்சிக்கக் கூடாது. டிஷ் கேபிளே போடுங்க. கறுப்பு போட்டா பத்துல ஆறு வரும், இதுல பத்துல அஞ்சு வரும். அந்த ஒண்ணுக்காக எதுக்கு சார் சுவத்த ஓட்ட போடணும்? நல்லா வளையும், ஜன்னல்ல ஈசியா பூரும். என் வூட்டுலயே இதான்."

வேதாசலம் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறும் ஐந்தும்தான். ஐந்து என்பது கூடக் கொஞ்சம் குறைத்துச் சொன்னது. மின்வாரியத்தில் எத்தனை பேருடைய மீட்டரைத் தப்பு என்று எழுதியிருக்கிறார், எத்தனை தடவை திரும்பச் சோதித்துவிட்டு எழுதியிருக்கிறார். இதை மட்டும் சோதிக்காமலே எழுதினார். முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் அந்த வெள்ளைக் கேபிளில் வரும். தாராளமாக வரும். அவன் பொய் சொல்லவில்லை. பேனாவை மூடினார், மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடியும் மூடினார்.

"வெள்ளையே போடுங்க" என்றார். "ஃபில்டர் வெறும் ஃபில்டர் போதும். அவன் பெட்டி கரண்ட் ஏத்தாது."

நூருல்லா மேசையின் ஓரத்தில் ஒட்டியிருந்த அளவுகோலில் கேபிளை இழுத்து இழுத்து அளந்தார், ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள்ளேயே. வேதாசலம் அந்த வெள்ளை நீளம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து மணிக்கு மேடவாக்கம் போக வேண்டும். மாட்டிவிட்டு, படம் வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடலாமா? பெனிட்டா அடுப்படியில் இருக்கிற சமயம் பார்த்து, காதோடு. இல்லை, முதலில் பெனிட்டாவிடம். சொன்னால் அவள் இனி வீட்டுக்குள் விடமாட்டாள், விடக்கூடாதுதான். விடாவிட்டால் அவனை யார் பார்த்துக்கொள்வது, பெட்டி நின்றால் யார் போய்ப் பார்ப்பது என்று மனசு உடனே ஒரு சாக்கைக் கொண்டுவந்து நீட்டியது. யார் போய்ப் பார்ப்பதாம்! அவருக்கே அசிங்கமாக இருந்தது. அப்போதுதான் ஃபோன் அடித்தது. பெனிட்டா.

"அங்கிள், கடையிலயா இருக்கீங்க?"

"ஆமாம்மா, முடிஞ்சிருச்சு. அளந்துக்கிட்டிருக்கார். அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடறேன்."

"மெதுவா வாங்க. ஒரு விஷயம் அங்கிள், எனக்குக் கையே ஓடல, அதான் உடனே கூப்பிட்டேன். காலைலேர்ந்து அப்பா ஸ்லேட்ல எழுதிக்கிட்டே இருந்தாரு. ஒவ்வொரு வார்த்தையா கூட்டிப் படிச்சேன். அன்னைக்கு விழுந்த உடனே நினைவு இருந்துச்சாம். ஃபோன் மேசை மேல, எட்டலையாம். கத்துனா சத்தம் வரலையாம். இடது கை மட்டும் ஆடிச்சாம். கேபிள் கீழ தொங்கிட்டிருந்துச்சில்ல, அதப் பிடிச்சு அவரேதான் இழுத்துப் பிடுங்குனாராம்."

நூருல்லா பதினொன்று என்றார்.

"பெட்டி நின்னா வேதா பார்ப்பான், பார்த்தா வந்துருவான்னு எழுதியிருக்காரு அங்கிள்." அவள் குரல் உடைந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அங்கிள் அன்னைக்கு ஊர்ல இருந்திருக்க மாட்டாருப்பா, இருந்தா வராம இருப்பாரான்னு நான் சொன்னேன். அவரு உங்க வாயால கேக்கணுங்கறாரு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பக்கத்துலதான் இருக்காரு. ஊர்ல இல்லதானே அங்கிள் நீங்க?"

எவ்வளவு சுலபமாக எடுத்துக் கொடுத்துவிட்டாள். காஞ்சிபுரம் போயிருந்தேன் என்று சொல்லலாம். மச்சினி வீட்டு விசேஷம் என்று சொல்லலாம். நெட் இல்லை என்று சொல்லலாம், அதை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஒரே ஒரு சொல், அவள் பாதி சொல்லியாயிற்று, மீதிப் பாதியைச் சொன்னால் போதும். மூன்று பேருக்கும் நிம்மதி. தொண்டையில் அது தயாராகவே இருந்தது. ஃபோனுக்குள் அருளப்பன் மூச்சு விடுவது கேட்டது, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் கரகரப்பாக. நூருல்லா கத்தரியை எடுத்துக் கேபிளில் வைத்துக்கொண்டு, வெட்டலாமா என்று கண்ணாலேயே கேட்டார். வேதாசலம் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"ஊர்லதான் இருந்தேன் அருளு" என்றார். "வீட்டுலதான் இருந்தேன். நீ இழுத்ததும் செவப்பாச்சு, நான் பார்த்தேன். பார்த்துட்டு, வரல."

அந்தப் பக்கம் அதே கரகரப்பான மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் ஃபோனை வைக்கவில்லை.